தம்பிக்கு மிலிட்டரி பேண்டுல சேர ஆசை, டிரெய்னிங்ல ஒரு வாரம் எப்படி போகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வியாசை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க வியாசர்பாடி. என் தம்பிக்கு இப்போ 19 நடக்குது, பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டான். எங்க மாமா பேண்டு செட் வெச்சிருக்காரு, அதுல சின்ன வயசுலேந்தே ட்ரம்பெட் வாசிக்கிறான், கல்யாண ஊர்வலம், ஆடி மாசம் அம்மன் கோவில், சர்ச் தேர்பவனி, சாவு வீடுன்னு எங்க கூப்பிட்டாலும் போவான். ஒரு பாட்டை ரெண்டு தடவை கேட்டா போதும், அப்படியே வாசிச்சுடுவான். சொந்தத் தம்பின்றதுக்காக சொல்லல, ஏரியால யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இந்த ஜனவரி 26க்கு பிரெண்ட்ஸோட பீச்சுக்குப் போயி உழைப்பாளர் சிலையாண்ட பரேடு பாத்துட்டு வந்தான். அதுல மிலிட்டரி பேண்டு போனதைப் பாத்ததுலேந்து அதே பேச்சா இருக்கான், எனக்கு அதுல தான் சேரணும்னு. அப்பா என்ன சொல்றாருன்னா பேண்டு வாசிக்கிறதுக்கு மிலிட்டரிக்கு எதுக்குடா போவணும், இங்கியே வாசிக்கலாமேன்றாரு. அம்மாவுக்கு துப்பாக்கி, பார்டர்னாலே பயம். எனக்கு இதுல எதுவும் தெரியாது, நெட்ல தேடுனா அப்ளிகேஷன் தேதியும் ஏஜ் லிமிட்டும் தான் வருது, உள்ள போனப்புறம் அந்தப் பசங்க வாழ்க்கை எப்படி இருக்கும்னு யாரும் எழுதல.

காலையிலேந்து ராத்திரி வரைக்கும் என்ன பண்ணுவாங்க? முழுக்க வாசிப்பு தானா, இல்ல மத்த சோல்ஜர் மாதிரி ஓட்டமும் துப்பாக்கியும் இருக்குமா? ஒரு வாரம் எப்படி போகும்னு யாராவது அனுபவத்துலேந்து சொன்னீங்கன்னா வீட்ல உக்காந்து பேச வசதியா இருக்கும். அப்புறம், அவனுக்கு நொட்டேஷன், அதாவது பாட்டை எழுதி வெச்ச குறிப்பு, படிக்கத் தெரியாது, எல்லாமே கேள்வி ஞானம் தான். அது பிரச்னையா?

தண்டையார்பேட்டை கிளாரினட்:

வணக்கம்மா. நான் ஆர்மி பேண்டுல கிளாரினட் வாசிச்சு ரிட்டயர் ஆனவன், நம்ம தண்டையார்பேட்டை தான். உங்க தம்பி மாதிரியே நானும் பேண்டு செட்லேந்து போனவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அப்பாவுக்கு ஒண்ணு சொல்லிடுங்க. மிலிட்டரி பேண்டுக்காரன் முதல்ல சோல்ஜர், அப்புறம் தான் வாசிக்கிறவன். நான் சேர்ந்தது பழைய ரெகுலர் காலம், இப்போ இருக்குற நாலு வருஷ அக்னிவீர் திட்டம் வர்றதுக்கு முன்னாடி, முதல்ல ரெஜிமென்ட் சென்டர்ல அடிப்படை டிரெய்னிங், ஓட்டம், டிரில், ரைஃபிள் எல்லாம் முடிச்சு கசம் பரேடுல சத்தியம் எடுத்தப்புறம் தான் மியூசிக்குக்கே அனுப்புனாங்க. அனுப்புன இடம் மத்தியப் பிரதேசத்துல பச்மரி. சாத்புரா மலை மேல கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரத்துல இருக்குற ஊரு, இங்கேந்து இட்டார்சி போயி ஜபல்பூர் லைன்ல பிப்பரியாவுல இறங்கி அங்கேந்து மலை ஏறணும். அங்க ஆர்மி எஜுகேஷன் கோர் சென்டர்ல மிலிட்டரி மியூசிக் விங்னு ஒண்ணு இருக்கு, 1950ல, ஆர்மி தலைவரா ஜெனரல் கரியப்பா இருந்த காலத்துல ஆரம்பிச்சது. ரெக்ரூட்டுக்கும் அங்க தான் சொல்லித் தராங்க, பேண்ட்மாஸ்டர், பைப் மேஜர் (பேக்பைப் வாசிக்கிறவங்களுக்குத் தலைவர்), டிரம் மேஜர் ஆகப் போறவங்களும் அங்க தான் கோர்ஸ் பண்ணணும்.

இப்போ வாரத்துக்கு வரேன்.

திங்கக்கெழமை காலையில இருட்டோட எழுந்திரிச்சு பி.டி. போவணும். ஓட்டம், தண்டால், கயிறு ஏறுறது. வாசிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு புதுசா வர்ற பசங்க எல்லாரும் கேப்பாங்க, ரெண்டு மாசத்துல அவங்களுக்கே புரிஞ்சிடும், மூச்சு இல்லாதவன் யூபோனியம்ன்ற பெரிய பித்தளை வாத்தியத்தைத் தூக்கிகிட்டு நடந்துகிட்டே வாசிக்க முடியாது. பி.டி. முடிஞ்சு குளிச்சு லங்கர்ல, அதாவது சாப்பாட்டுக் கூடத்துல, பூரியோ பராட்டாவோ சாப்ட்டு ஃபாலின், வரிசையில நிக்கணும், அப்புறம் டிரில். அதுக்கப்புறம் தான் வாத்தியத்தையே கையில எடுப்போம். எடுத்தவுடனே பாட்டெல்லாம் கிடையாது. லாங் நோட் தான். ஒரே சுரத்தை ஆடாம அசையாம இழுக்கணும், மெதுவா ஆரம்பிச்சு பெருசாக்கி திரும்ப மெதுவா முடிக்கணும், உஸ்தாத், சொல்லித் தர்றவரு, பின்னாடி நடந்துகிட்டே கேட்டுகிட்டு இருப்பாரு, யாரு சுருதி லேசா எறங்குனாலும் தோள்ல ஒரு தட்டு விழும். ஊர்ல நாலு மணி நேரம் ஊர்வலத்துல ஊதுன பையனுக்கு இது கடுப்பா தான் இருக்கும். ஆனா நம்ம பேண்டு செட் பசங்க பண்ற பழக்கம் ஒண்ணு இருக்கு, தெருவுல சத்தம் கேக்கணும்னு உதட்டை மவுத்பீஸ்ல போட்டு அழுத்தி ஊதுறது. அதை உடைக்கிறதுக்குத் தான் இந்த லாங் நோட்டு. அழுத்தி ஊதுறவன் உதடு அரை மணி நேரத்துல மரத்துப் போயிடும், காத்துல ஊதுறவன் நாள் பூரா வாசிப்பான்.

மத்தியானம் வரைக்கும் செக்‌ஷன் பிராக்டிஸ், கிளாரினட் தனியா, ட்ரம்பெட் தனியா, டிரம்ஸ் தனியா. சாப்பாட்டுக்கு அப்புறம் தியரி கிளாஸ், கண்ணு சொருகுற நேரம் பாத்து தான் அதை வெச்சிருப்பாங்க. சாயங்காலம் கேம்ஸ், நம்ம ஏரியா பையன்னா ஃபுட்பால்ல பேர் வாங்கிடுவான், அது நல்லதுக்கு தான், ஹிந்தி தெரியாம ஒரு மூலையில உக்காந்திருக்குறதை விட கிரவுண்டுல நாலு கோல் போட்டா சீக்கிரம் தோஸ்த் கிடைப்பாங்க. ராத்திரி ரோல் கால். அதுக்கப்புறம் பாரக்ல உக்காந்து பிராஸோ போட்டு வாத்தியம் தேய்க்கிறது, பூட் பாலிஷ், பெல்ட், நாளைக்குப் போடுற டிரஸ் இஸ்திரி. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் கிட்டத்தட்ட இப்படியே தான் ஓடும், நடுவுல ஒரு நாள் ஃபயரிங்கோ வெப்பன் கிளாஸோ வரும், ஒரு நாள் ஃபர்ஸ்ட் எய்டு வரும், அது ஏன்னு கீழ சொல்றேன்.

வெள்ளிக்கெழமையைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். எங்களுக்கு முழு பேண்டும் பரேடு கிரவுண்டுக்குப் போற நாள் அது தான். உக்காந்து பிரமாதமா வாசிக்கிறவன் எல்லாம் அன்னைக்கு தான் தடுமாறுவான். குயிக் மார்ச்னா நிமிஷத்துக்கு 120 அடி. பேஸ் டிரம் அடி இடது காலுக்கு விழுது, அதைக் காலு கேக்கணும், காது பக்கத்துல இருக்குறவனைக் கேக்கணும், கண்ணு நேரா பாக்கணும், ஆனா ஓரக்கண்ணால ரெண்டு பக்கமும் வரிசை பாக்கணும், இதுக்கு நடுவுல வாத்தியத்துல சொருவி இருக்குற சின்ன கார்டுல நொட்டேஷன் ஓடும், சேர்ந்த கொஞ்ச நாள்ல அந்தக் கார்டும் கிடையாது, மனப்பாடம் தான். உடம்பு குலுங்குனா மவுத்பீஸ் உதட்டுல இடிக்கும், ட்ரம்பெட்காரனுக்கு ரத்தமே வரும். அதனால இடுப்புக்கு மேல உடம்பு ஆடாம நடக்குறதுக்குன்னே தனியா பழக்குவாங்க. திரும்புற எடத்துல உள்பக்கம் இருக்குறவன் சின்ன அடி வெக்கணும், வெளிப்பக்கம் இருக்குறவன் பெரிய அடி வெக்கணும், ரெண்டு பேர் வாயிலயும் ஒரே தாளம் வரணும். முன்னாடி டிரம் மேஜர் கையில இருக்குற மேஸ், அதாவது நீளமான கோல், அதோட ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு அர்த்தம் உண்டு, நிக்கணுமா, திரும்பணுமா, பாட்டை நிறுத்தணுமா எல்லாம் அதுல தான். வாயால ஒரு ஆர்டரும் வராது, வந்தாலும் அந்தச் சத்தத்துல கேக்காது.

ஜன கண மன மட்டும் தனி பிராக்டிஸ். முழுசா வாசிச்சா சுமாரா 52 செகண்டு. பேண்டு வாசிக்கும்போது அதுக்கு முன்னாடி டிரம் ரோல் வரும், ஸ்லோ மார்ச்ல 7 அடி நேரத்துக்கு, மெதுவா ஆரம்பிச்சு உச்சத்துக்குப் போயி திரும்ப அடங்கணும், ஆனா ஏழாவது அடி வரைக்கும் காதுல கேட்டுகிட்டே இருக்கணும், அப்புறம் ஒரு அடி அமைதி, அதுக்கப்புறம் தான் பாட்டு. இதெல்லாம் கவர்மென்ட் ஆர்டர்லயே எழுதி இருக்கு. அந்த ஒரு அடி அமைதி இருக்கே, நாப்பது பேரும் மூச்சை ஒண்ணா இழுக்குற எடம் அது. அது சரியா விழுற அன்னைக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்மா, எத்தனை வருஷம் வாசிச்சாலும் அது போகாது.

சனிக்கெழமை லைன் இன்ஸ்பெக்‌ஷன். பாரக், கட்டில், பெட்டி, வாத்தியம் எல்லாம் பாப்பாங்க. ட்ரம்பெட்டோட வால்வைக் கழட்டிப் பாப்பாங்க, உள்ள அழுக்கு இருந்துச்சுன்னா ரகடா, தண்டனை தான், கிரவுண்டைச் சுத்தி ஓடணும். ஞாயித்துக்கெழமை துணி துவைக்கிறது, முடி வெட்டுறது, கோவிலோ சர்ச்சோ குருத்வாராவோ அவங்கவங்க போற எடம், வீட்டுக்கு போன். அவுட் பாஸ் கிடைச்சா பச்மரி பஜார் வரைக்கும் ஒரு நடை. மழைக்காலத்துல அங்க விடாம ஊத்தும், கிளாரினட்ல பேடெல்லாம் ஊறிப் போயிடும், குளிர் காலத்துல கட்டை காஞ்சு வெடிச்சுடுமோன்னு பயம், நான் ராத்திரியில கம்பளிக்குள்ள வெச்சு தூங்குவேன்.

நொட்டேஷன் தெரியலன்றதுக்கு பயப்பட வேணாம். காது இருக்கு, அது தான் சொல்லிக் குடுத்து வராதது. கண்ணைப் பழக்கிக்கலாம். ஆனா இப்பவே பழகணும், அங்க போயி பாத்துக்கலாம்னு இருந்துடக்கூடாது.

ராயபுரம் கடல்:

கிளாரினட் சார் எழுதுனதைப் படிச்சு பழைய ஞாபகம் எல்லாம் வந்துச்சு. நான் நேவி பேண்டு, ட்ராம்போன். நேவிக்கு ரூட்டு வேற அக்கா. முதல்ல ஒடிசாவுல சில்கா ஏரிக்கரையில ஐஎன்எஸ் சில்கா, அங்க மத்த மாலுமிங்களோட சேர்ந்து அடிப்படை டிரெய்னிங். மியூசிக் சொல்லித் தர்றது மும்பை கொலாபாவுல ஐஎன்எஸ் குஞ்சாலி. சாமூத்திரி ராஜாவோட கப்பல் படைத் தலைவர் குஞ்சாலி மரைக்காயர் பேரை வெச்ச எடம்.

செலக்‌ஷன்ல ஓட்டம் முக்கியம், ஆம்பள பசங்களுக்கு 1.6 கிலோமீட்டர் 6 நிமிஷம் 30 செகண்டுல முடிக்கணும், கூட 20 உட்காந்து எழுந்திரிக்கிறது, 15 தண்டால், 15 சிட் அப். வாசிக்கிற பசங்க நிறைய பேர் வாசிப்புல ஃபெயில் ஆகுறது இல்ல, ஓட்டத்துல தான் வெளிய வர்றாங்க. தம்பியை நாளைக்கே முல்லை நகர் கிரவுண்டுல ஓடச் சொல்லுங்க.

வாரம்னு பாத்தா சார் சொன்ன மாதிரி தான், ஆனா நேவில காலையில 8 மணி கலர்ஸ்னு ஒண்ணு இருக்கு. கொடி ஏத்துற நேரம். டிரெய்னிங் முடிச்சு நேவி தளத்துல போஸ்டிங் ஆனா அதுக்கு வாசிக்கிறது பேண்டோட வேலை. 8 மணின்னா 8 மணி தான். மழையா இருந்தாலும், முந்தின நாள் ராத்திரி ஆபீசர்ஸ் மெஸ் பார்ட்டில பதினொரு மணி வரைக்கும் வாசிச்சிருந்தாலும், 8 மணிக்கு உதடு ரெடியா இருக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, ஒரே வாரத்துல ஒரு நாள் மார்ச், ஒரு நாள் உக்காந்து கான்செர்ட், ஒரு நாள் டான்ஸ் பேண்டுல பழைய ஹிந்தி பாட்டு. அதனால நிறைய பேர் ரெண்டாவது வாத்தியம் ஒண்ணு கத்துக்குவாங்க, நான் பேஸ் கிட்டார் அங்க தான் கத்துகிட்டேன். கப்பல் வெளிநாட்டுக்குப் போகும்போது சில சமயம் பேண்டையும் கூட்டிட்டுப் போவாங்க, காசிமேட்டுல பொறந்து வளந்த நான் வேற நாட்டுத் துறைமுகத்துல நின்னு அந்த ஊரு ஜனங்களுக்கு வாசிச்சிருக்கேன். எங்க அம்மா அந்த போட்டோவை இன்னும் டிவி மேல தான் வெச்சிருக்காங்க.

கஷ்டம் எதுன்னு கேட்டா சாப்பாடு இல்ல, ஓட்டம் இல்ல, முதல் ரெண்டு மூணு மாசம் பாஷை தான். தம்பிக்கு ஹிந்தியில நம்பர், வலது இடது, நில்லு நட, இதை மட்டுமாவது இப்பவே சொல்லிக் குடுத்துடுங்க.

புளியந்தோப்பு சாக்ஸ்:

ஏர்ஃபோர்ஸும் இருக்கு, அதை யாரும் சொல்லலையே. அக்னிவீர்வாயு மியூசிஷியன்னு, அதாவது ஏர்ஃபோர்ஸோட அக்னிவீர், அதுக்கு ஆள் எடுக்க தனியா ராலி வெப்பாங்க. கல்யாணம் ஆகாத பசங்க, பொண்ணுங்க ரெண்டு பேருமே போகலாம், பத்தாவது பாஸ் போதும். என் ஃப்ரெண்டு கூட நானும் பெங்களூர் போயிருந்தேன். அவங்கவங்க வாத்தியத்தை அவங்கவங்களே எடுத்துட்டுப் போவணும். தயார் பண்ணிட்டு வந்த டியூன் ஒண்ணு வாசிக்கணும், ஒரு பாட்டு முழுசா பாடணும், தாளம் சுருதி பாப்பாங்க, அவங்க ஒரு சுரம் வாசிப்பாங்க அது என்னன்னு தெரியாமலேயே நம்ம வாத்தியத்துலயோ வாயாலயோ அதைத் திருப்பித் தரணும். உங்க தம்பி மாதிரி கேள்வி ஞானம் இருக்குறவனுக்கு இது அல்வா சாப்புடுற மாதிரி. நொட்டேஷன் ஏதாவது ஒண்ணு தெரிஞ்சிருக்கணும், அஞ்சு கோடு போட்டு எழுதுற ஸ்டாஃப் நொட்டேஷன் தான்னு இல்ல, கர்நாடிக், ஹிந்துஸ்தானி எதுவா இருந்தாலும் ஏத்துக்குறாங்க. இங்கிலீஷ் எழுத்துத் தேர்வும் இருக்கு. ஓட்டம் பசங்களுக்கு 1.6 கிலோமீட்டர் 7 நிமிஷம். வர்ற பசங்கள்ல மணிப்பூர், மிசோரம், கேரளா பசங்க நிறைய, செம்மையா படிச்சுட்டு வருவாங்க, சென்னைலேந்து போறவங்க ரொம்ப கம்மி, அதுலயும் நம்ம வடசென்னை பசங்க விரல் விட்டு எண்ணலாம். இத்தனைக்கும் நம்ம ஏரியால தெருவுக்குத் தெரு வாசிக்கிறவன் இருக்கான். இப்படி ஒரு வழி இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது.

வியாசை அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி எல்லாரையும் உக்கார வெச்சு சத்தமா படிச்சுக் காட்டுனேன். அந்த டிரம் ரோல், ஒரு அடி அமைதி எல்லாம் படிக்கும்போது தம்பி எழுந்து போயி ட்ரம்பெட்டை எடுத்துட்டு வந்து மடியில வெச்சுகிட்டான். அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா முழுசா கேட்டாரு. அம்மாவுக்கு ரெண்டு கேள்வி. சண்டை வந்தா பேண்டு பசங்களை என்ன பண்ணுவாங்க? அப்புறம் இப்போ அக்னிவீர்னா நாலு வருஷம் தானாமே, அதுக்கப்புறம் பையன் என்ன பண்ணுவான்? என்னோட கேள்வி இந்த நொட்டேஷன் தான், எவ்ளோ நாள்ல கத்துக்கலாம், யாராண்ட கத்துக்கணும்?

பெரம்பூர் தியரி டீச்சர்:

வணக்கம்மா, நான் பெரம்பூர்ல இருபது வருஷத்துக்கு மேல தியரியும் கீபோர்டும் சொல்லித் தரேன். காதுல வாசிக்கிற பசங்களுக்கு நொட்டேஷன் சொல்லித் தர்றதுல ஒரு முறை இருக்கு. புக்கைத் திறந்து முதல் பக்கத்துலேந்து ஆரம்பிச்சா ஒரு வாரத்துல ஓடிடுவான். அவனுக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு ட்யூனை, தேர்பவனில வாசிக்கிறானே அதையே, ஸ்டாஃப்ல எழுதிக் காட்டணும். விரல் போற எடமும் தாள்ல புள்ளி போற எடமும் ஒண்ணா சேர்ந்து போகும்போது சட்டுனு புரிஞ்சிடும். முதல்ல தாளம், அப்புறம் தான் சுரம். கை தட்டிகிட்டே படிக்கணும், குவார்ட்டர், எய்த், டாட் வர்ற எடம், ரெஸ்ட். பேண்டு பசங்க திணர்றது பெரும்பாலும் ரெஸ்ட்ல தான், சும்மா இருக்க வராது, கையும் வாயும் துறுதுறுன்னு எதையாவது நிரப்பிடும்.

இன்னொரு விஷயம் அவன் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ட்ரம்பெட் பி ஃபிளாட் வாத்தியம். அவன் தாள்ல சி பாத்து ஊதுனா வெளிய கேக்குறது பி ஃபிளாட். முழு பேண்டும் சுருதி சேக்கும்போது பி ஃபிளாட் குடுங்கன்னு சொன்னா ட்ரம்பெட்டும் கிளாரினட்டும் சி வாசிக்கும், ஆல்ட்டோ சாக்ஸ் ஜி வாசிக்கும், ஃப்ரெஞ்ச் ஹார்ன் எஃப் வாசிக்கும், ஃப்ளூட் பி ஃபிளாட்டே வாசிக்கும், ஆனா எல்லாருக்கும் ஒரே சத்தம் வரும். இது புரியலன்னா உள்ள போயி முதல் நாளே தலை சுத்தும். அதே மாதிரி பித்தளை வாத்தியம் வெயில்ல சுருதி ஏறும், குளிர்ல எறங்கும். சென்னை வெயில்ல வாசிச்சுப் பழகுன பையன் ஜனவரி டெல்லி குளிர்ல நின்னா சுருதி சேக்குற ஸ்லைடை வேற எடத்துல தான் வெக்கணும்.

எவ்ளோ நாள் ஆகும்னா, தினம் ஒரு மணி நேரம் உக்காந்தான்னா ஆறு மாசத்துல சுமாரான மார்ச் ஒண்ணை பாத்தே வாசிப்பான். என் அபிப்பிராயம், மியூசிக் பரீட்சை நடத்துற ட்ரினிட்டியோ ஏபிஆர்எஸ்எம்மோ ஏதாவது ஒண்ணுல ஒரு அஞ்சாவது கிரேடு வரைக்கும் முடிச்சுட்டு அப்புறம் ராலிக்குப் போகட்டும். சர்ட்டிஃபிகேட் கையில இருந்தா நாலு வருஷத்துக்கு அப்புறம் வெளிய வந்தாலும் ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலைக்கு அது தான் உதவும்.

தண்டையார்பேட்டை கிளாரினட்:

டீச்சரம்மா சொன்ன முறை ரொம்ப சரி, தெரிஞ்ச பாட்டுலேந்து ஆரம்பிக்கிறது தான் இந்தப் பசங்களுக்கு ஒத்து வரும். ஆனா கிரேடு முடிச்சுட்டுப் போகட்டும்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. மேல் வயசுக்கு ஒரு வரம்பு இருக்கு. இவனுக்கு இப்பவே 19 நடக்குது. கிரேடு பரீட்சைக்கு ஃபீஸ் கட்டி ஒவ்வொண்ணா ஏறிகிட்டு இருந்தா ராலி போயிடும். நொட்டேஷன் படிக்கட்டும், பரீட்சையை உள்ள போனப்புறம் லீவுல வந்து எழுதிக்கலாம். கையில காசு புழங்காத வீட்டுல ஃபீஸைக் காரணமா வெச்சு நிறுத்திட்டாங்கன்னா ஒரு நல்ல ட்ரம்பெட்காரன் திரும்ப கல்யாண ஊர்வலத்துக்கே போயிடுவான். ஊர்வலத்தை நான் குறைச்சு சொல்லல, எனக்கும் சோறு போட்டது அது தான். ஆனா அங்க அவனை யாரும் வாத்தியார்னு கூப்புட மாட்டாங்க, சாப்பாடு கூட கடைசிப் பந்தியில தான் போடுவாங்க. அதைப் பாத்து வளந்தவன் நான், அதனால தான் இவ்ளோ வேகமா சொல்றேன்.

அம்மாவோட கேள்விக்கு. சண்டைன்னு வந்தா பேண்டுக்காரனுக்கு இன்னொரு வேலை உண்டு, அடிபட்டவங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வர்றது, முதலுதவி பண்றது. மேல ஃபர்ஸ்ட் எய்டு கிளாஸ்னு சொன்னேனே, அது அதுக்காகத் தான். பேண்டேஜ் கட்டுறது, ரத்தத்தை நிறுத்துறது, எலும்பு உடைஞ்சவனை ஆட்டாம தூக்குறது எல்லாம் பழக்குவாங்க. ஆபத்தே இல்லன்னு அம்மாகிட்ட பொய் சொல்லாதீங்க. ஸ்ட்ரெச்சர் தூக்குறவனும் குண்டு விழுற எடத்துக்குத் தான் போறான். ஆனா உயிரைக் காப்பாத்துற வேலை அது, அதை அம்மாவுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.

நாலு வருஷம்ன்றது உண்மை தான். முதல் வருஷம் மாசம் 30,000னு கணக்கு, அதுல 21,000 கையில வரும், 9,000 சேவா நிதிக்கு, அதாவது கடைசியில மொத்தமா தர்ற பணத்துக்குப் பிடிப்பாங்க, வருஷா வருஷம் ஏறி நாலாவது வருஷம் 40,000. முடிச்சு வெளிய வரும்போது வட்டியோட சேத்து 11.71 லட்சம்னு சொல்லி இருக்காங்க. 25 சதவீதம் வரைக்கும் பெர்மனன்ட்டா எடுத்துக்குவாங்க. மீதிப் பேரு வெளிய வரணும், பென்ஷன் கிடையாது. எனக்குக் கிடைச்ச மாதிரி இப்போ இருக்குற பசங்களுக்கு இல்லைன்றது மனசுக்குக் கஷ்டமா தான் இருக்கு. ஆனா போலீஸ் பேண்டு இருக்கு, ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) பேண்டு இருக்கு, ஸ்கூல் பேண்டுக்கு ஆள் தேடிகிட்டே இருக்காங்க. நாலு வருஷம் உள்ள வாசிச்சவனுக்கு நொட்டேஷன் தெரியும், நடந்துகிட்டே வாசிக்கத் தெரியும், நாப்பது பசங்களை வரிசையில நிறுத்தத் தெரியும். 23, 24 வயசுல இது மூணும் கையில இருக்குறவன் சும்மா உக்கார மாட்டான்.

ராயபுரம் கடல்:

சார் சொல்றதை நானும் வழிமொழியுறேன், காத்திருக்க வேணாம். மூணு படைக்கும் நோட்டிஃபிகேஷன் வேற வேற நேரத்துல வரும், மூணுக்கும் போடட்டும். வயசு, உயரம் கணக்கெல்லாம் அந்தந்த வெப்சைட்லயே பாத்துக்குங்க, ஏஜென்ட் யாராவது காசு கேட்டா ஒரு ரூபா கூட தராதீங்க, இதுல சிபாரிசுக்கு வேலையே இல்ல. இன்னொண்ணு, கண்ணு டெஸ்ட், பல்லு டெஸ்ட் இப்பவே வெளிய பண்ணிப் பாத்துக்குங்க. ட்ரம்பெட்காரனுக்கு முன்பல்லு ரொம்ப முக்கியம், சொத்தை இருந்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயே பாத்துடலாம்.

வியாசை அக்கா:

அம்மா ஸ்ட்ரெச்சர் விஷயம் கேட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், அடிபட்டவனைத் தூக்குறதுன்னா அது நல்ல காரியம் தானேன்னு அவங்களே சொன்னாங்க. முழு சம்மதம்னு சொல்ல முடியாது, ஆனா வேணாம்னு சொல்லல. தம்பி இன்னைக்கு காலையில ஓடிட்டு வந்தான், 1.6 கிலோமீட்டருக்கு 8 நிமிஷத்துக்கு மேல ஆச்சாம், மூஞ்சி வாடிப் போயி வந்தான். டீச்சர், நீங்க பெரம்பூர்ல எந்த நேரத்துல கிளாஸ் எடுக்குறீங்க, ஃபீஸ் எவ்ளோன்னு சொன்னீங்கன்னா கூட்டிட்டு வரேன். கிளாரினட் அண்ணா, நீங்க ஒரு தடவை அவன் வாசிக்கிறதைக் கேட்டு சொல்ல முடியுமா?

பெரம்பூர் தியரி டீச்சர்:

தம்பி மாதிரி பசங்களுக்கு ஃபீஸைப் பத்திப் பேச வேணாம்மா. செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வரட்டும். அட்ரஸ் தனி மெசேஜ்ல அனுப்புறேன். அவன் நல்லா வாசிக்கிற பாட்டு ரெண்டை போன்ல ரெக்கார்டு பண்ணி முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க, நான் எழுதி வெக்கிறேன்.

தண்டையார்பேட்டை கிளாரினட்:

8 நிமிஷம் முதல் நாளுக்கு மோசம் இல்ல, ஆறு வாரத்துல குறைஞ்சிடும், ஓடுற அன்னைக்கு காலையில ட்ரம்பெட் எடுக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க, மூச்சு செட்டில் ஆகட்டும். ஞாயித்துக்கெழமை காலையில ஏழு மணிக்கு முல்லை நகர் கிரவுண்டுக்கு வரேன். வாத்தியத்தோட வால்வு ஆயில் கொண்டு வரட்டும், மாமா செட்ல பேஸ் டிரம் அடிக்கிற பையன் யாராவது இருந்தா அவனையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, உக்காந்து வாசிக்கிறதை நான் அப்புறம் கேட்டுக்குறேன், முதல்ல நடந்துகிட்டே வாசிக்கிறானான்னு பாக்கணும்.